விரலைப் பார்க்கிறானா, மயிலைப் பார்க்கிறானா?

போன இதழில் "பேச்சு வருவதற்கு முன்னால் கை வரும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லாமே கையைப் பற்றித்தான்: கை காட்டினால் பார்க்கவில்லை, கையாலேயே பேசுகிறாள், கையைப் பிடித்து இழுக்கிறான். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன். இன்னொன்று, குழந்தையைப் பார்க்காமல் கடிதத்தை வைத்து "இது அதுதான்" என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன்.

எங்களுக்குச் சொந்தமாகப் பன்னிரண்டு தறி. நானும் அவரும் குடோனிலேயே கிடப்பவர்கள், பையனும் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து எங்களோடு அங்கேதான். தறிச் சத்தத்தில் வாய் பேசி ஆகாது. நூல் அறுந்தது, பாவு தீர்ந்தது, டீ வந்தது எல்லாமே கை சாடைதான். பையனுக்கு இப்போது 2 வயது 4 மாதம். சொல்வதெல்லாம் புரிகிறது, ஆனால் 'ம்மா', 'தா' தவிரப் பேச்சு இல்லை. நாங்கள் கையால் பேசியே அவனைக் கெடுத்துவிட்டோம் என்கிறார் மாமியார். கையைக் கட்டிக்கொண்டால் பேசிவிடுவானா?
— ஒரு அம்மா, சோமனூர்

கையைக் கட்ட வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிப்பதற்குள் மாமியார் கட்டிவிடப் போகிறார்.

"எல்லாம் புரியுதுங்க, பேச்சுதான் இல்லை." என் அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் உட்காரும்போதே சொல்கிற வாக்கியம் இது. சில நேரம் அது முழு உண்மை, சில நேரம் பாதி. ஒருமுறை ஒரு அம்மா என்னிடம் நிரூபித்தே காட்டினார். "சாமி, அந்த பாட்டிலை எடுத்துட்டு வா" என்றார், பையன் ஓடிப்போய் மூலையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்தான். "இப்போது இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்" என்றேன். சிரித்துக்கொண்டே வைத்துக்கொண்டு, மறுபடி சொன்னார். பையன் அசையாமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை, கண் தானாக பாட்டில் பக்கம் போனது. உடனே இவன் போய் எடுத்துவிட்டான். கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னேன். இந்த முறை அவருடைய கைப்பையின் ஜிப்பை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பையனை மட்டமாக நினைக்காதீர்கள். கையையும் கண்ணையும் படிக்கிறான், அது லேசான வேலை இல்லை. ஆனால் 'பாட்டில்' என்ற சொல் அவனுக்குள் இன்னும் போய்ச் சேரவில்லை. கையும் புரிந்து சொல்லும் புரிந்து, வாய் மட்டும் திறக்கவில்லை என்றால் அது ஒரு வழி. கை புரிகிறது, சொல் புரியவில்லை என்றால் வேறு வழி. சொல் புரிகிறது, கை புரியவில்லை என்றால் அது மூன்றாவது வழி. வெளியிலிருந்து பார்க்க மூன்றும் 'பேசாத பையன்' தான்.

நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு, பொருளைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்து, சாதாரணமான குரலில் "செருப்பு எங்கே?" என்று கேளுங்கள். வெளியே கிளம்புகிற நேரத்தில் கேட்கக் கூடாது, அப்போது அவன் கேட்காமலே செருப்பை எடுப்பான். செருப்பை வழக்கமான இடத்திலும் வைக்கக் கூடாது. ஐந்தாறு சொற்களை வேறு வேறு நாளில் கேட்டு எழுதி வையுங்கள்.

அடுத்தது காது. தறிக் குடோன் சத்தம் சாதாரணமாக 90 டெசிபலைத் தாண்டும், அதில் இரண்டு வருடமாக ஒரு குழந்தை வளர்ந்திருக்கிறான். காது கேட்காத குழந்தைகள் சாடையைப் பிடிப்பதில் படு கெட்டிக்காரர்களாக இருப்பார்கள், அதனாலேயே வீட்டில் கண்டுபிடிக்க நாளாகிவிடும். கதவைத் தட்டினால் திரும்புகிறான் என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஓ.ஏ.இ., பெரா என்று இரண்டு பரிசோதனை உண்டு, வலி கிடையாது, குழந்தை தூங்கும்போதே பார்த்துவிடுவார்கள். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை இந்த மாதமே செய்துவிடுங்கள்.

இனி மாமியார் விஷயம். கை பேசினால் வாய் தூங்கிவிடும் என்பது நம்மூரில் பலருக்கும் இருக்கிற நம்பிக்கை, ஆராய்ச்சிகள் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்கின்றன. சிகாகோவில் 50 குடும்பங்களை வைத்து நடத்திய ஆய்வு 2009-ல் வந்தது. 14 மாதத்தில் கையால் நிறையக் காட்டிய குழந்தைகளுக்குத்தான் நாலரை வயதில் சொற்கள் அதிகம் தெரிந்திருந்தன. ஒற்றைச் சொல்லிலிருந்து இரட்டைச் சொல்லுக்குப் போகிற பாலமும் கைதான். முதலில் "ம்மா" என்று சொல்லிச் செருப்பைக் காட்டுவான், "அம்மா செப்பு" என்று சேர்ந்து வருவது அதற்கப்புறம். ஆகவே உங்கள் கை குற்றவாளி இல்லை. குடோனில் கை மட்டும் பேசியது, வாய் சேரவில்லை, அதுதான் குறை. பொழுதோட ஒரு மணி நேரமாவது குடோன் சத்தம் கேட்காத இடத்தில், வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, கையும் வாயும் சேர்த்துப் பேசுங்கள். குடோனுக்குள் அவனை வைத்துக்கொள்வதை முடிந்தவரை குறையுங்கள். சொல்வது சுலபம், பன்னிரண்டு தறி வைத்திருப்பவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்கும் தெரியும்.

மகன் வீட்டுப் பேரனுக்கு 2 வயது முடிந்துவிட்டது. ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துப் போய் அந்தச் சாமான் மேல் வைக்கிறான், விரல் நீட்டிக் காட்டுவதில்லை. எங்கள் காட்டுக்குத் தினமும் மயில் வரும். "அங்க பாரு கண்ணு, மயிலு" என்று காட்டினால் என் வளையலைப் பார்க்கிறான். மருமகள் போனில் எதையோ படித்துவிட்டு ஆட்டிசம் என்று அழுகிறாள். மகன், "எங்கப்பாவே நாலு வயசுலதான் பேசுனாராம், சும்மா இரு" என்கிறான். யார் சொல்வது சரி? (பேத்தியை வைத்து எழுதச் சொன்னேன்.)
— ஒரு ஆத்தா, கோபி

மருமகள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அழுவதில் அவசரம் இருக்கிறது. மகன் சொல்வதுதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. நாலு வயதில் பேசிய அப்பாரு கதை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். நாலு வயதிலும் பேசாமல் போனவர்களின் கதையை யாரும் கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்வதில்லை, அதனால் நம் காதுக்கு வருவதெல்லாம் பேசியவர்கள் கதைதான்.

சரி, விரலுக்கு வருவோம். குழந்தை விரல் நீட்டுவது ஒரே வேலை போலத் தெரியும், உண்மையில் அது இரண்டு வேலை. பந்து மேலே இருக்கிறது, எட்டவில்லை, விரலை நீட்டி "ம், ம்" என்றால் அது 'கொடு' விரல். மயில் வந்து நிற்கிறது, அதை எடுத்துத் தரச் சொல்லவில்லை, தந்தாலும் வைத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் விரலை நீட்டி, உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்து, மறுபடி மயிலைப் பார்த்தால் அது 'பாரு' விரல். "நான் பார்த்ததை நீயும் பார்த்தாயா" என்பதைத் தவிர அந்த விரலுக்கு வேறு எந்த லாபமும் கிடையாது. இந்த இரண்டையும் எலிசபெத் பேட்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும் 1975-லேயே பிரித்துக் காட்டினார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதை ஒட்டி இரண்டும் வந்துவிடும், சிலருக்கு ஓரிரு மாதம் முன்பின் ஆகும். ஆட்டிசம் (மற்றவர்களோடு பழகுவதும் மனதில் இருப்பதைத் தெரிவிப்பதும் வேறு விதமாக வளர்கிற நிலை) உள்ள குழந்தைகளில் பலருக்குக் 'கொடு' விரல் எப்படியோ வந்துவிடுகிறது, 'பாரு' விரல்தான் வராமலோ வெகு தாமதமாகவோ போகிறது.

உங்கள் பேரன் உங்கள் கையைத் தொரட்டி மாதிரி எடுத்துக்கொண்டு போகிறான். வேப்பந்தழை ஒடிக்கும்போது தொரட்டியின் முகத்தை யாராவது பார்ப்போமா? நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். கையை இழுக்கும்போது ஒரு தடவையாவது உங்கள் முகத்தைப் பார்க்கிறானா, கை மட்டும் போதும் என்று இருக்கிறானா? முகத்தைப் பார்த்து, கெஞ்சி, சிணுங்கி இழுக்கிற குழந்தைக்கும், பேசாமல் கையை மட்டும் தூக்கி வைக்கிற குழந்தைக்கும் வித்தியாசம் நிறைய.

மயிலைக் காட்டினால் வளையலைப் பார்ப்பது, ஒன்பது மாதக் குழந்தை என்றால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஒரு வயதுக்குள் கொஞ்சம் தூரத்தில் காட்டுவதைப் பார்க்க வந்துவிடும், ஒன்றரை வயதில் முதுகுக்குப் பின்னால் காட்டினாலும் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு வயது முடிந்தும் விரலிலேயே கண் நிற்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. 16 மாதம் முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு எம்-சாட் என்று 20 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு, உலகம் முழுக்கப் பயன்படுவது. அதில் முதல் கேள்வியே, நீங்கள் அறையின் அந்தப் பக்கம் இருப்பதைக் காட்டினால் குழந்தை அதைப் பார்க்கிறதா என்பதுதான். ஒன்றைக் கேட்க விரல் நீட்டுகிறதா, சும்மா காட்ட விரல் நீட்டுகிறதா என்று தனித்தனியாக இரண்டு கேள்விகளும் உண்டு. அந்தப் பட்டியல் நோயைச் சொல்லாது, மேற்கொண்டு பார்க்க வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் சொல்லும். மருமகள் அதைப் போனில் போட்டுவிட்டு மதிப்பெண்ணைப் பார்த்து மறுபடி அழ வேண்டாம், விவரம் தெரிந்த ஆளைப் பக்கத்தில் வைத்துச் செய்ய வேண்டியது அது.

காசு செலவழிக்க யோசனையாக இருந்தால் அரசாங்கத்திலேயே வழி இருக்கிறது. 2013-ல் தொடங்கிய திட்டத்தில் பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள், மருத்துவக் குழு அங்கன்வாடிக்கே வருடத்துக்கு இரண்டு தடவை வரும். வளர்ச்சியில் சந்தேகம் என்றால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள், சுருக்கமாக டி.ஈ.ஐ.சி. என்பார்கள். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள், வழி சொல்வார்கள்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, மயில் வேறு தினமும் வருகிறது. அவன் தாடையைப் பிடித்துத் திருப்பாதீர்கள், திருப்பினால் முகம்தான் திரும்பும், கண் திரும்பாது. மயிலை இப்போதைக்கு விடுங்கள், பக்கத்திலிருந்து தொடங்குங்கள். டம்ளரை விரலால் 'டக் டக்' என்று தட்டிக் காட்டுங்கள், சத்தம் வருகிற இடத்துக்குக் கண் போகும். அப்புறம் தட்டாமல் தொட்டுக் காட்டுங்கள். அப்புறம் ஒரு சாண் தள்ளி, அப்புறம் ஒரு முழம் தள்ளி. தூரத்துக்குப் போக வாரக்கணக்கில் ஆகும், ஆகட்டும். இதைவிட முக்கியமானது, அவன் ஏற்கெனவே எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறானோ அதைப் போய் நீங்கள் காட்டுவது. மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தால் நீங்களும் குனிந்து, அவன் கண் மட்டத்துக்கு வந்து, விரல் நீட்டி, "அட, ஃபேன் சுத்துது" என்று சொல்லுங்கள். அவன் உங்கள் விரலைத் தேடி வர வேண்டியதில்லை, உங்கள் விரல் அவன் கண்ணைத் தேடிப் போகட்டும். கையை இழுத்துப் போய் டப்பா மேல் வைத்தால் உடனே திறந்து கொடுத்துவிடாமல், பத்து எண்ணுகிற நேரம் உங்கள் முகத்தை அவன் முகத்துக்கு நேரே கொண்டுவந்து காத்திருங்கள். ஒரு நொடி பார்த்தாலும் போதும், சந்தோஷமாகத் திறந்து கொடுங்கள். பத்துக்கு மேல் எண்ணி அழ வைக்க வேண்டாம்.

எட்டு மாதப் பாப்பா. நிலாவைக் காட்டினால் என் விரலைப் பார்க்கிறாள். ஆட்டிசம் மாதிரி ஏதாவது இருக்குமோ?
— ஒரு அப்பா, கரூர்

இருக்காது. எட்டு மாதத்தில் விரல்தான் நிலாவைவிடச் சுவாரசியம். ஐந்தாறு மாதம் கழித்தும் அப்படியே இருந்தால் எழுதுங்கள்.

அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். ஆட்டிசம் என்று சான்றிதழ் உள்ள ஒரு பையன் என் வகுப்பில் இருக்கிறான். நன்றாகப் பேசுவான், பேருந்து எண்கள் எல்லாம் தலைகீழாகச் சொல்வான். ஆனால் கையைக் காட்டி 'வா' என்றால் ஒரு நாள் வருகிறான், ஒரு நாள் வருவதில்லை. சாக்பீஸ் எடுத்து வரச் சொல்லிக் காற்றில் எழுதிக் காட்டினேன், அவனும் பதிலுக்குக் காற்றில் எழுதிக் காட்டினான். அழுத பெண்ணை முதுகில் தட்டிக் கொடுத்தால், "டீச்சர், ஏன் அவளை அடிக்கறீங்க?" என்று கேட்கிறான். வகுப்பே சிரித்துவிட்டது. வேண்டுமென்றே செய்கிறானா?
— ஒரு ஆசிரியை, தாராபுரம் பக்கம்

இல்லை டீச்சர். "ஏன் அடிக்கறீங்க" என்பது அவன் கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே சொன்னது. கை முதுகில் பட்டது, பெண் அழுகிறாள், இரண்டையும் கூட்டினால் வருகிற விடைதானே அது?

நீங்கள் எழுதிய மூன்றும் மூன்று ரகச் சைகைகள். அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது, பிரித்துப் பார்த்தால் அவன் எங்கே நிற்கிறான் என்று தெரிந்துவிடும்.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குச் செவ்வாயோ வியாழனோ போயிருக்கிறீர்களா? தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு ஆடுவதுதான் தெரியும். இந்த விரல் ஆயிரம், அந்த விரல் நூறு என்று அந்த விரலில் எங்கேயும் எழுதியில்லை, சந்தைக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டது. உங்கள் 'வா'வும் அப்படித்தான். உள்ளங்கையைக் கீழே பார்த்து வைத்து விரல்களை உள்ளே இழுத்தால் 'வா', அதே கையை வெளியே தள்ளினால் 'போ'. நாம் 'ஆமாம்' என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் திண்டாடுவதும் இதனால்தான். ஊர் பேசி வைத்த இந்த ரகத்தை ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பெரும்பாலும் கற்றுக்கொள்கிறார்கள். அவன் வருகிற நாளில் உங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான், வராத நாளில் பார்க்கவில்லை, அநேகமாக அவ்வளவுதான். பெயரைச் சொல்லி, திரும்பிய பிறகு கையைக் காட்டிப் பாருங்கள்.

காற்றில் எழுதிக் காட்டியது வேறு. அது நடித்துக் காட்டுவது. உங்கள் கை அந்த நேரம் கை இல்லை, சாக்பீஸ் பிடித்த கை. காற்று காற்று இல்லை, கரும்பலகை. சாதாரணக் குழந்தைகளுக்கே இரண்டு வயதுக்கும் மூன்று வயதுக்கும் நடுவில்தான் இது பிடிபடுகிறது. உங்கள் மாணவன் அசைவை நன்றாகவே பார்த்திருக்கிறான், அச்சு மாறாமல் திருப்பியும் செய்திருக்கிறான். அசைவுக்குப் பின்னால் ஒரு பொருள் ஒளிந்திருக்கிறது என்பதுதான் விட்டுப்போனது. ஒரு தடவை நிஜ சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு காற்றில் எழுதிக் காட்டுங்கள், அடுத்த தடவை சாக்பீஸ் இல்லாமல். பாலம் போட்ட மாதிரி இருக்கும்.

மூன்றாவது, தட்டிக் கொடுத்தது. இது மனசைக் காட்டுகிற சைகை. ஆத்தா பேரன் கன்னத்தை வழித்து, தன் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறிப்பாரே, அது எந்தப் பொருளையும் காட்டவில்லை, எந்த வேலையும் சொல்லவில்லை. 1988-ல் டோனி அட்வுட், ஊட்டா ஃப்ரித், பெயாட்டே ஹெர்மெலின் என்ற மூன்று பேர், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளையும் டவுன் சிண்ட்ரோம் (குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வருவது) உள்ள பிள்ளைகளையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 'வா', 'பேசாதே' மாதிரி வேலை சொல்கிற சைகைகளில் ஆட்டிசம் உள்ளவர்கள் பின்தங்கவில்லை. ஆனால் மற்ற பிள்ளைகளோடு இருக்கும்போது தேற்றுவது, வெட்கப்படுவது மாதிரியான சைகைகள் அவர்களிடம் ஒன்றுகூடக் காணப்படவில்லை, டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் அவற்றைத் தாராளமாகச் செய்தார்கள். ஆகவே வாயால் சொல்லிவிடுங்கள். "அவளுக்கு அழுகை நிற்கணும்னு தட்டிக் கொடுக்கிறேன், அடிக்கலை" என்று ஒரே வரி. அவன் பேருந்து எண்களை வைத்துக்கொண்டது போல இதையும் வைத்துக்கொள்வான். சிரித்த மற்ற நாற்பது பேருக்கும் அதே வரி உபயோகப்படும்.

உங்கள் வகுப்பில் இன்னொரு வகைக் குழந்தையும் இருக்க வாய்ப்பு அதிகம், அவனை யாரும் கண்டுகொள்வதில்லை. காது சரி, அறிவு சரி, ஆட்டிசம் இல்லை, ஆனால் மொழி மட்டும் சிரமம். மொழி வளர்ச்சிக் குறைபாடு என்கிறோம், நூறு குழந்தைகளில் ஏழு பேர் அளவுக்கு உண்டு என்று பெரிய கணக்கெடுப்புகளில் தெரிந்தது. ஆட்டிசத்தைவிட அதிகம், சான்றிதழும் கிடையாது, 'மந்தம்' என்று பெயர் மட்டும் வாங்குவான். வார்த்தை வராதபோது கையை நிறைய ஆட்டுவான், அதைப் பார்த்து அவனுக்குக் கை நன்றாகப் புரியும் என்று நினைத்துவிடுவோம். ஆனால் வாக்கியத்துக்கு நடுவில் ஒரு சொல்லை விட்டுவிட்டு அந்த இடத்தில் கையைப் போட்டால் இவர்கள் தடுமாறுகிறார்கள். நாமோ நாள் முழுக்க அப்படித்தான் பேசுகிறோம்: "டேய், அந்த..." என்று கையைச் சுழற்றி, "...எடுத்துட்டு வா". கையையும் சொல்லையும் கோத்து ஒரே பொருளாக எடுப்பது மூன்று வயதில் அரைகுறையாகத்தான் இருக்கும், ஐந்து வயதில் தேறிவிடும். தேறாதவன் ஏழு வயதில் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பான். கை வேண்டும், ஆனால் சொல்லுக்குப் பதிலாக வேண்டாம், சொல்லோடு கூட வேண்டும்.

எங்கள் மகளுக்கு 4 வயது, டவுன் சிண்ட்ரோம். பதினைந்து வார்த்தை பேசுவாள், கை சைகை நாற்பதுக்கு மேல் இருக்கும். இளநீர் வேண்டுமென்றால் ஒரு கையால் பிடித்து மறு கையால் சீவுவது போலக் காட்டுவாள், நாங்கள் சொல்லிக் கொடுக்கவே இல்லை. தோப்புக்கு வருகிற ஒறம்பரை எல்லாம், "இப்படியே விட்டா ஊமையாட்டம் ஆயிரும், சைகையை நிறுத்துங்க" என்கிறார்கள்.
— ஒரு அப்பா, ஆனைமலை

நிறுத்தாதீர்கள். நான் படித்துவிட்டு வந்த புதிதில் இதே மாதிரி ஒரு குழந்தையின் அம்மாவிடம் சைகையை நிறுத்தச் சொன்னேன், அப்படிச் சொல்வதுதான் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். மூன்று மாதம் கழித்து வந்தார்கள். பேச்சு வரவில்லை, சைகையும் போயிருந்தது, கடிப்பதை மட்டும் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்தாள். என்ன வேண்டும் என்று சொல்ல அவளுக்கு வேறு வழி வைத்திருந்தோமா என்ன? அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறம் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குப் புரிவது ஒரு படி முன்னால் ஓடும், பேச்சு பின்னால் வரும். வாய்த் தசை தளர்வு, நடுக்காதில் நீர் கட்டுவதால் கேட்பதில் குறைவு, இவையெல்லாம் சேர்ந்து பேச்சைத் தாமதப்படுத்தும்போது கைதான் சுமையைத் தூக்குகிறது. சைகை அவர்களுக்குக் கைவந்த பலம். உங்கள் மகள் இளநீர் சீவுவதைப் பார்த்து, அதைப் பெயராக்கி, இல்லாத இளநீரை உங்களிடம் கேட்கிறாள். எனக்கு அது பதினாறாவது வார்த்தைதான். அவள் சீவிக் காட்டும்போதெல்லாம் "இளநீ" என்று தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள். வாய் வந்தவுடன் கை தானாக விலகிவிடும், வாயால் சொல்வது சீக்கிரம் முடிகிற வேலை. வீட்டில் ஆளுக்கொரு சைகை வைக்காமல் எல்லோரும் ஒன்றையே வையுங்கள். காதை வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள்.

இதற்கு எதிர்க்கோடியில் வில்லியம்ஸ் சிண்ட்ரோம் என்று ஒன்று உண்டு, அபூர்வமானது, ஏழாம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் போவதால் வருவது. அந்தக் குழந்தைகள் யாரைப் பார்த்தாலும் சிரித்துக்கொண்டு வருவார்கள், பேச்சும் ஓரளவு நன்றாக வந்துவிடும். ஆனால் விரல் நீட்டிக் காட்டுவதும், காட்டியதைப் பார்ப்பதும் பிந்தும். சொல் முந்திக்கொள்ளும், விரல் பின்னால் வரும், மற்ற குழந்தைகளுக்குத் தலைகீழ். 'நன்றாகப் பழகுகிறாள், நன்றாகப் பேசுகிறாள்' என்பதை வைத்துக்கொண்டு கையும் புரியும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மூளை வாதம் உள்ள குழந்தைகள் விஷயம் இன்னும் வேறு, கை சொன்னபடி கேட்காததால் காட்ட முடியாது, ஆனால் நீங்கள் காட்டுவது பளிச்சென்று புரிந்துகொண்டிருக்கலாம். அவர்களிடம் விரலைத் தேடாதீர்கள், கண் எங்கே போகிறது என்று பாருங்கள்.

யூடியூபில் கையசைத்துப் பாடும் வீடியோக்களை மூன்று வயதுப் பையன் நாள் முழுக்கப் பார்க்கிறான். சைகை கற்றுக்கொள்வான் என்று விடலாமா?
— திருப்பூர்

நீங்கள் எதிரில் உட்கார்ந்து செய்தால் கற்றுக்கொள்வான். மூன்று வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்து பார்த்ததில், திரையில் தெரிந்த ஆளின் கையும் பேச்சும் சேர்ந்து புரியவில்லை, அதையே ஆள் நேரில் வந்து செய்தபோது புரிந்தது. பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்து பதினைந்து நிமிடம் 'நண்டூறுது நரியூறுது' விளையாடினாலே அந்த வீடியோக்கள் அத்தனைக்கும் மேல்.

நாய்க்குக்கூடக் கை காட்டினால் புரிகிறது, குரங்குக்குப் புரியாது என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். நிஜமா?
— கல்லூரி மாணவி, கோவை

பாதிக்கு மேல் நிஜம். இரண்டு கிண்ணத்தில் ஒன்றுக்கு அடியில் தின்பண்டத்தை ஒளித்து வைத்து, எதில் இருக்கிறது என்று விரலால் காட்டினால் நாய்கள் சரியாகப் போகின்றன. சிம்பன்சிகள் இதில் பெரும்பாலும் கோட்டை விடுகின்றன, அவற்றுக்குப் புத்தி குறைவு என்பதால் இல்லை. எனக்கு உதவி செய்வதற்காக ஒருவன் கை காட்டுகிறான் என்ற எண்ணம் அவற்றின் வாழ்க்கையில் இல்லை என்கிறார்கள். நாயோ ஆயிரக்கணக்கான வருடங்களாக நம் கையையே பார்த்துக்கொண்டு வளர்ந்தது. மனிதக் குழந்தை 14 மாதத்திலேயே இதைச் செய்துவிடுகிறது.

வீட்டில் ஒன்றரை வயது, இரண்டு வயதுக் குழந்தை இருந்தால் இரண்டு தேங்காய்த் தொட்டியைக் கவிழ்த்து வைத்து நீங்களே செய்து பார்க்கலாம். ஒளித்து வைப்பது அதன் கண்ணில் படக் கூடாது, பத்துத் தடவையாவது செய்ய வேண்டும், ஒரே பக்கம் வைக்கக் கூடாது. வாழைப்பழத் துண்டு வையுங்கள். கடலை வேண்டாம், புரைக்கேறிவிடும். நாயை வைத்துச் செய்வதாக இருந்தால் அதற்குத் தனியாக வேறு தொட்டி.